சுழல வேண்டும், ஆடக் கூடாது

“அண்ணே, டேப்பட் சத்தம் ரொம்ப வருது. கொஞ்சம் டைட் பண்ணி விட்டுடுங்க.”

“சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும் தம்பி. டைட் பண்ணினா வால்வு போயிடும்.”

பழைய புல்லட்டுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். வண்டிக்காரருக்கு அமைதி வேண்டும். மெக்கானிக் அதைத் தர மறுக்கிறார். ஐந்து நிமிட வேலைக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று வண்டிக்காரருக்கு எரிச்சல்கூட வரலாம். என் கட்சி மெக்கானிக் கட்சிதான். அவர் சொல்வதற்குப் பின்னால் திடமான இயற்பியல் இருக்கிறது. இரும்பும் அலுமினியமும் சூட்டில் எவ்வளவு நீளும், பழுக்கக் காய்ச்சிய வால்வு தன் சூட்டை எங்கே கொண்டுபோய் இறக்கும் என்ற கணக்கு அது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் ‘புல்லட்’ என்ற பெயரை 1932-லேயே வைத்துவிட்டது. நாம் அறிந்த புல்லட் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி என்று இந்திய ராணுவம் இதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவானது. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே வார்க்கத் தொடங்கினார்கள். ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பிறகும் அந்த இரும்பு பிளாக் இன்ஜின் அடிப்படை மாறாமல் பல பத்தாண்டுகள் திருவொற்றியூரில் பிறந்துகொண்டே இருந்தது. அதனால்தான் 1950-களின் இன்ஜின் கட்டமைப்பு ஒன்றை இன்றைக்கும் நம் தெருவிலேயே திறந்து பார்க்க முடிகிறது.

அந்த இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது? சிலிண்டரின் தலையில், அதாவது ஹெட்டில், இரண்டு வால்வுகள். ஒன்று பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும். மற்றது எரிந்த புகையை வெளியே விடும். இவற்றைத் திறக்கும் கேம்களோ வெகு கீழே, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்குக்கு அருகில், வலப்பக்கம் இருக்கின்றன. கேம் என்பது ஒரு பக்கம் மட்டும் புடைத்த வட்டம். புடைப்பு மேலே வரும்போது தன் மேல் உட்கார்ந்திருக்கும் டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் தன் மேல் நிற்கும் நீளமான கம்பியைத் தூக்கும். அந்தக் கம்பிதான் புஷ்ராடு. சிலிண்டர் பிளாக்குக்குள்ளேயே வார்த்துவைத்த பொந்து வழியாக அது மேலே ஏறி ராக்கரின் ஒரு முனையை உந்தும். ராக்கரின் மறுமுனை கீழே சாய்ந்து வால்வை அழுத்தித் திறக்கும். மூடுகிற வேலை ஸ்பிரிங்கினுடையது. புஷ்ராடுக்குத் தள்ள மட்டுமே தெரியும், இழுக்கத் தெரியாது.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் வண்டி ஓடுகிறது என்றால் ஒவ்வொரு புஷ்ராடும் நொடிக்கு 25 முறை ஏறி இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் 90,000 முறை. ஒவ்வொரு முறையும் வால்வு தன் இருக்கையில், மெக்கானிக்குகள் சொல்லும் ‘சீட்’டில், காற்றுப் புகாதபடி முழுமையாக உட்கார்ந்தாக வேண்டும். கேமிலிருந்து வால்வு வரை உள்ள இந்தச் சங்கிலி ஒரு மயிரிழை நீண்டுவிட்டாலும் வால்வு முழுமையாக உட்காராது. ஏதோ ஒன்று கீழே விரலை வைத்துத் தாங்கிக்கொண்டிருப்பது போல அரைகுறையாகத் திறந்தே நிற்கும். அதனால்தான் வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சங்கிலியில் எங்காவது ஒரு சிறு தளர்வு இருக்க வேண்டும் என்கிறார்கள். அதைத்தான் டேப்பட் இடைவெளி என்கிறோம்.

குளிர்ந்த இன்ஜினும் சூடான இன்ஜினும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் இங்கே சிக்கல்.

ஒரு டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் இரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 11 பங்கு நீளும். அலுமினியம் ஏறக்குறைய 23 பங்கு, அதாவது இரண்டு மடங்குக்கும் சற்று மேல். கணக்குக்காக 20 செ.மீ. நீளமுள்ள இரும்பு பிளாக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 120 டிகிரி கூடினால் 0.26 மி.மீ. வளரும். பிளாக் வளர்ந்தால் அதன் மேலிருக்கும் ஹெட்டும் ராக்கரும் கேமை விட்டு மேலே விலகும், இடைவெளி பெருகும். உள்ளே நிற்கும் புஷ்ராடு இரும்பால் ஆனது என்று வையுங்கள். அதன் மேல் நெருப்பு நேரடியாகப் படுவதில்லை. பிளாக் அளவுக்கு அது சூடாவதில்லை. 60 டிகிரிதான் கூடுகிறது என்றால் 0.13 மி.மீ.தான் நீளும். பிளாக் முந்திக்கொள்ளும், கம்பி பின்தங்கும், இடைவெளி விரிந்து சத்தம் எழும். அதே கம்பி அலுமினியமாக இருந்தால்? அதே 60 டிகிரிக்கு 0.28 மி.மீ. நீளும். குறைந்த சூட்டிலேயே பிளாக்கின் வளர்ச்சிக்கு ஈடுகொடுத்துவிடும்.

புல்லட்டின் புஷ்ராடு அலுமினியக் கலவையில் செய்யப்பட்டதற்கு எடை குறைவு மட்டும் காரணமில்லை என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரியும். சூட்டில் பிளாக்கோடு ஒத்துப்போகும் உலோகம் அது. இன்னும் இரண்டு பேர் இந்த இழுபறியில் உண்டு. அலுமினிய ஹெட் தானும் வளர்ந்து இடைவெளியைக் கூட்டும். வால்வின் தண்டு சூட்டில் நீண்டு இடைவெளியைக் குறைக்கும். இந்த நால்வரின் கூட்டல் கழித்தலுக்குப் பிறகு, சூடேறும்போது இடைவெளி சுருங்கிவிடாது என்ற நம்பிக்கை இருந்ததால்தான், பழைய புல்லட்டின் கையேடு குளிர்ந்த நிலையில் இடைவெளியைச் ‘சுழியம், அல்லது முடிந்த அளவு குறைவு’ என்று வைக்கச் சொன்னது. பல இன்ஜின்களுக்கு இப்படிச் சொல்ல முடியாது. அவற்றில் சூட்டுக்கென்று தனியாக இடம் விட்டு, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை நுழைத்து அளந்து வைப்பார்கள்.

தளர்வாக வைத்தால் என்ன ஆகும், இறுக்கமாக வைத்தால் என்ன ஆகும்? இரண்டும் தவறுதான். ஆனால் இரண்டும் சம அளவு தவறு என்று நினைப்பதுதான் வால்வைக் கருக்குகிறது.

தளர்ந்தால் முதலில் சத்தம். கேமை வடித்தவர் புடைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் மிக மென்மையான ஏற்றம் ஒன்றை வைத்திருப்பார். சங்கிலியில் இருக்கும் சிறு தளர்வை அந்த ஏற்றம் மெதுவாக வாங்கிக்கொள்ளும். பிறகே வால்வு வேகமெடுக்கும். மூடும்போதும் அப்படியே, வேகம் குறைந்த பிறகே வால்வு சீட்டில் இறங்கும். தளர்வு அதிகமானால் இந்த மென்மையான பகுதி முழுவதும் வெறுமனே கழிந்துவிடும். வேகமான பகுதியில்தான் டேப்பட் புஷ்ராடைத் தொடும். தொடுவதென்ன, அடிக்கும். வால்வு தாமதமாகத் திறக்கும், சீக்கிரம் மூடும், திறக்கும் உயரமும் குறையும். இழுவை சற்றுக் குறையும். நாள்பட்டால் தேய்மானம் கூடும். ஆனாலும் வண்டி ஓடும்; தனக்கு என்ன கோளாறு என்பதைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே ஓடும்.

இறுக்கம் அப்படிச் சொல்லாது. புகைபோக்கி வால்வை நினைத்துப் பாருங்கள். எரிந்த வாயு முழுவதும் அதன் முகத்தில் அடித்துக்கொண்டுதான் வெளியேறுகிறது. அதன் தட்டு 700 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடியது. அந்தச் சூட்டை அது எங்கே இறக்கும்? கொஞ்சம் தண்டு வழியாக, தண்டைப் பிடித்திருக்கும் குழாயான கைடுக்குப் போகும். பெரும்பகுதி, ஏறக்குறைய முக்கால் பங்கு, வால்வு மூடி சீட்டோடு ஒட்டியிருக்கும் அந்தக் கணங்களில்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. அங்கிருந்து வெளியே இருக்கும் தகடுகள் வழியாகக் காற்றுக்கு. வால்வுக்கு ஓய்வு என்பதே சீட்டில் உட்காரும் நேரம்தான். புஷ்ராடு இறுகிப்போனால் அந்த நேரம் குறையும், அல்லது அறவே இல்லாமல் போகும். சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவே கீறல் போன்ற சந்து கிடைத்தால் போதும், எரியும் வாயு கொல்லன் பட்டறை நெருப்பைப் போல அதன் வழியே பாய்ந்து விளிம்பைத் தின்னத் தொடங்கும். வண்டிக்காரருக்கோ டேப்பட் சத்தம் நின்றதில் மகிழ்ச்சி. சில நாளில் கிக்கரில் இருந்த கனம் குறையும், ஐடிலில் நிற்காது, சைலன்சரில் வெடிக்கும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் வால்வின் விளிம்பில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ராக்கர், டேப்பட், கேம் எல்லாம் தேய்ந்தால் இடைவெளி கூடும். சீட் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் மேல்நோக்கிப் புதையும், அதன் தண்டு ராக்கரை நோக்கி உயரும், இடைவெளி குறையும். அதாவது வண்டி ஓட ஓட, யாரும் கை வைக்காமலேயே, ஒரு டேப்பட் தானாக இறுகலாம். முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில், எரியும் ஈயச் சேர்மங்கள் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தன. இந்தியாவில் 2000-ல் ஈயப் பெட்ரோல் முற்றிலும் நின்றது. நம் நுரையீரலுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது மிகப் பெரிய நன்மை. பழைய சீட் மாற்றப்படாத வண்டிகளில், குறிப்பாக நீண்ட தூரம் வேகமாக ஓட்டுபவர்கள், டேப்பட்டை இன்னும் சற்று அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சத்தம் வந்தால் பார்ப்போம் என்று இருந்தால் ஆபத்தான பக்கத்தைப் பார்க்கவே மாட்டோம்.

இனி வேலைக்கு வருவோம். முதல் விதி, இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஓடி வந்த வண்டியை அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடங்குவது போதாது. கனத்த இரும்பு மெதுவாகத்தான் ஆறும். நல்ல மெக்கானிக்குகள் வண்டியை முந்தின நாளே விடச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு முறை உச்சிக்கு வரும். கலவையை அழுத்திவிட்டு வரும் உச்சியில்தான் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். இரண்டு டேப்பட்டும் கேமின் புடைப்பில்லாத வட்டத்தில் உட்கார்ந்திருக்கும். புகையைத் தள்ளிவிட்டு வரும் உச்சியில் இரண்டு வால்வுமே கொஞ்சம் திறந்திருக்கும். அந்த நிலையில் வைத்து அட்ஜஸ்ட் செய்தால் எல்லாம் தப்பு. பின்பக்கத்து இன்லெட் புஷ்ராடு ஏறி இறங்குவதைப் பார்த்து, அதற்கு அடுத்து வரும் உச்சியைப் பிடித்தால் சந்தேகமே வேண்டாம்.

சிலிண்டரின் அடியில் வலப்பக்கம் ஒரு சிறு மூடி. அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. கழற்றினால் உள்ளே எண்ணெய் மினுமினுக்க இரண்டு புஷ்ராடுகளின் கால்கள் தெரியும். இதைப் பார்க்கும் போதெல்லாம் வடிவமைத்தவரின் மேல் எனக்கு மரியாதை கூடும். டேங்க்கை இறக்க வேண்டாம், ஹெட்டின் மேல் மூடிகளைத் தொட வேண்டாம். ராஜஸ்தான் மணலிலோ காஷ்மீர் மலைப்பாதையிலோ ஒரு ராணுவ வீரர் கைக்கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலையாக இதை ஆக்கிவைத்திருக்கிறார்கள். அட்ஜஸ்டர், லாக் நட், அவற்றைத் தாங்கும் பகுதி என்று அடுக்கடுக்காக மூன்று அறுகோணங்கள். மூன்று மெல்லிய ஸ்பேனர்கள். ஒன்று பிடிக்க, ஒன்று லாக் நட்டைத் தளர்த்த, ஒன்று திருக.

அளவுகோல் எங்கே? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான். புஷ்ராடை அந்த இரு விரல்களுக்கு இடையே பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் ஆடக் கூடாது. அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகத் திருக, மேலும் கீழுமான ஆட்டம் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். இன்னும் ஒரு இழை திருகினால் சுழற்சி கனக்கும். அதற்கும் மேல் போனால் கம்பி பூட்டியது போல் நின்றுவிடும். ஆட்டம் நின்று, சுழற்சி கனக்காமல் இருக்கும் அந்த இடம்தான் நமக்கு வேண்டியது.

இதைக் கைப்பழக்கம், அனுபவம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது இந்த முறைக்குச் செய்யும் அநியாயம். அளவியல் நோக்கில் பார்த்தாலும் இது கூர்மையான சோதனை. புஷ்ராடின் இரு முனைகளிலும் கிண்ணமும் உருண்டையும் போன்ற பொருத்துகள். கம்பியைச் சுழற்றும்போது உணரும் தடை அந்தப் பொருத்துகளின் உராய்வு. உராய்வு எப்போதும் அழுத்தத்தைப் பொறுத்தது. இடைவெளி இருக்கும் வரை கம்பியின் மேல் அதன் சொந்த எடையும் ராக்கரின் எடையும்தான். இடைவெளி தீர்ந்த மறுகணம் வால்வு ஸ்பிரிங்கின் முழு விசையும் கம்பியின் மேல் வந்து உட்காரும். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை, மறுபக்கம் விரலால் அசைக்க முடியாத பாரம். இந்தப் பெரிய தாவல் மிகக் குறுகிய தூரத்துக்குள் நடப்பதால், விரல் அதைத் தவறவிட வாய்ப்பு குறைவு. தடிமனை அளக்கும் தகட்டை வைத்துச் சுழியத்தை அளக்க முடியாது; விசை எப்போது வருகிறது என்று பார்க்கும் விரலால் முடியும்.

எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. அட்ஜஸ்டரின் புரி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகர்த்தும் என்று வைத்துக்கொண்டால், அறுகோணத்தின் ஒரு முகம் திரும்பினாலே 0.17 மி.மீ. நகர்ந்துவிடும். மேலே பார்த்த சூட்டுக் கணக்கில் பாதிக்கும் மேல் அது. லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் ஒரு துளி கூடவே திரும்புவது வழக்கம். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி உருட்டிப் பார்த்தே ஆக வேண்டும். கனத்தால் மறுபடி தளர்த்தி, மறுபடி வைத்து, மறுபடி இறுக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் ஒரே இடம் இதுதான். புகைபோக்கிப் பக்கத்துக் கம்பியை மட்டும் ஒரு இழை தாராளமாக விடும் மெக்கானிக்குகளும் உண்டு. அந்த வால்வின் தண்டுதான் அதிகம் சூடாகி அதிகம் நீளும் என்பதால் அந்த எச்சரிக்கையை நான் ஆதரிக்கிறேன்.

புஷ்ராடு என்றாலே பழைய காலத்துச் சமாசாரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதன் குறை உண்மைதான். நீளமான மெல்லிய கம்பியை அழுத்தினால் அது வில்லாக வளையப் பார்க்கும். நீளம் பாதியானால் வளைவை எதிர்க்கும் திறன் நான்கு மடங்காகும். 1930-களில் வெலோசெட், வின்சென்ட் என்ற பைக் நிறுவனங்கள் கேமை இன்ஜினில் உயரத் தூக்கி வைத்துப் புஷ்ராடைக் குட்டையாக்கியது இதற்காகத்தான். சுற்று வேகம் ஏற ஏற, இத்தனை பாகங்களையும் திருப்பி அழுத்த ஸ்பிரிங்குக்கு நேரம் போதாமல் வால்வு மிதக்கத் தொடங்கும். ஆனாலும் 1994-ல் இண்டியானபோலிஸ் 500 பந்தயத்தில் பென்ஸ்கே அணிக்காக ஆல் அன்சர் ஜூனியர் ஓட்டி வென்ற கார், இல்மோர் நிறுவனம் ரகசியமாக உருவாக்கிய புஷ்ராடு இன்ஜினில்தான் ஓடியது. புஷ்ராடு இன்ஜின்களுக்குப் பந்தய விதிகள் தந்த சலுகையைப் பயன்படுத்தி, 3.4 லிட்டரில் ஏறக்குறைய 1,000 குதிரைத்திறனை எடுத்தார்கள்.

இடைவெளியையே ஒழித்துவிடும் வழியும் எப்போதோ வந்துவிட்டது. டேப்பட்டுக்குள் எண்ணெயை நிரப்பி, அது வெளியேறாதபடி ஒருவழிக் கதவு வைத்தால், தளர்வு வரும்போதெல்லாம் எண்ணெயே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். கெடிலாக் 1930-ல் தன் 16 சிலிண்டர் காரிலும், ஹார்லி டேவிட்சன் 1948-ல் தன் பெரிய இரட்டைச் சிலிண்டர் வண்டியிலும் இதைக் கொண்டுவந்தன. புல்லட்டுக்கு அது வர 2008-ல் தொடங்கிய யூ.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) இன்ஜின் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020-ல் மீட்டியார் 350-இல் கேமே ஹெட்டுக்கு ஏறிவிட, புதிய 350 சி.சி. இன்ஜினில் புஷ்ராடுக்கு இடமில்லாமல் போனது.

பழைய இரும்பு பிளாக் வண்டி வைத்திருப்பவர்கள் பாகம் மாற்றும்போது இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது. வலுவானது என்று சொல்லி எஃகு புஷ்ராடு போடுகிறார்கள். நன்றாக ஆறும் என்று அலுமினிய பிளாக் போடுகிறார்கள். இரண்டிலுமே நன்மை உண்டு. ஆனால் எஃகுக் கம்பி சூட்டில் பின்தங்கும். அலுமினிய பிளாக் முந்தி ஓடும். இரண்டில் எதைச் செய்தாலும் சூடான பிறகு இடைவெளி முன்பைவிட விரியும், சத்தம் கூடும். அந்தச் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்று குளிர்ந்த நிலையிலேயே கம்பியை ஸ்பிரிங்கின் மேல் ஏற்றி வைத்தால், ஒவ்வொரு காலையும் வண்டி திறந்த வால்வோடுதான் ஸ்டார்ட் ஆகும். இரண்டாம் கையாக வாங்கிய வண்டியில் எந்தக் கம்பி இருக்கிறது என்று தெரியவில்லையா? முனைகள் எப்படியும் எஃகாகத்தான் இருக்கும். அதனால் மூடியைத் திறந்து, கம்பியின் நடுத்தண்டுப் பகுதியில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியம். கையேடு சொன்ன சுழியத்தை அப்படியே நம்பலாம். ஒட்டினால் எஃகு; குளிரில் அதே சுழியத்தை வைத்துவிட்டு, சூட்டில் வரும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.